ஓ.டி. பஸ்

எங்கள் ஒரகடம் கம்பெனியில் ஓ.டி., அதாவது ஓவர்டைம், பார்ப்பவர்களுக்குப் பஸ் வேண்டுமென்றால், சாஃப்ட்வேரிலிருந்து டிராவல்ஸுக்கு நான்தான் மெயில் அனுப்பவேண்டும். அன்று மெயில் போகவில்லை.

"மெயில் இல்லாம அவன் வண்டி வுடமாட்டான் தம்பி. அப்புறம் பொண்ணுங்கள வடக்குப்பட்டு வரைக்கும் நீதான் தூக்கினு போவணும்" என்றார் சூப்பர்வைசர் டெனிசன்.

பாஸ்வேர்டை மாற்றினேன். போர்ட் நம்பரை மாற்றினேன். கடைசியில், வழக்கம்போல, இல்லாத ஒரு முகவரியைப் போட்டு, "டெஸ்ட் மெயில், கண்டுக்காதீங்க" என்று அடித்தேன். அதுவும் போகவில்லை என்று திரையில் எர்ரர் வந்தது. பின்னாலேயே பதிலும் வந்தது: "எத்தினி பேரு?"

முன்னால் அனுப்பியதில் ஏதோ ஒன்று டிராவல்ஸ்காரனுக்குப் போயிருக்கும் என்று நினைத்து, "பதினாலு" என்று போட்டேன்.

ஷிப்ட் முடிந்ததும் பஸ் வந்து நின்றது. "பரவால்லியே தம்பி, வேலை கத்துக்கினியே!" என்று ஓ.டி. முடித்து ஏறிய காவேரி அக்கா பஸ் ஜன்னலிலிருந்து கத்தினார். பஸ் போய்விட்டது. ஆபீஸில் நானும் டெனிசனும்தான் மிச்சம்.

டெனிசனுக்குப் போன் வந்தது. டிராவல்ஸ்காரன். "இன்னா சார், மெயிலே வரல. இன்னிக்கு வண்டி வேணாமா?"

டெனிசன் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். புது மெயில் ஒன்று வந்திருந்தது.

"பதினாலும் ஏத்தியாச்சு. இன்னும் ரெண்டு சீட்டு காலியா கீது."

கேட்டில் ஹாரன் அடித்தது. டெனிசன் எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டார்.