ஏழு தேர்தல், ஒரு செல்லாத ஓட்டு

மனோகரன் மாமா மூன்றாவது கிளாஸ் தே தாரிக் தேநீரை உறிஞ்சி முடித்தபோது, நளினியின் அட்டவணையில் இரண்டு வரிகள்தான் நிரம்பியிருந்தன.

ஏழு தேர்தல், ஏழு வரி. ஆண்டு, வென்ற கட்சி, தோற்ற கட்சி, வாக்கு வித்தியாசம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாலை வகுப்பில் அவரவர் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைக் கேட்டிருந்தார்கள். இணையத்தில் எடுக்கக் கூடாதாம். தேர்தல் வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் பிடித்து, முடிந்தால் அவர் கையாலேயே எழுதி வாங்கிவர வேண்டுமாம்.

அவர்கள் குடியிருக்கும் தோட்டத்தில் அப்படி இருப்பவர் மாமா ஒருவர்தான். முப்பது வருடமாகக் கட்சிக் கிளைச் செயலாளர். கோயிலுக்கும் அவரே செயலாளர்.

ஆறரைக்கு வகுப்பு. மணி ஐந்தாகிவிட்டது.

மாமாவிடம் ஒரு வருடத்தைக் கேட்டால் அந்த வருடம் பெய்த மழை வரும். மழையில் பாலம் மூழ்கி, லாரியில் ஆள் ஏற்றிப்போன கதை வரும். அது முடிவதற்குள், எல்லையைத் திருத்தி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தைப் பெண்டாங் தொகுதிப் பக்கம் தள்ளிவிட்ட கதை வந்துவிடும். எண் மட்டும் வராது.

தான் கேட்கிற விதம்தான் சரியில்லையோ என்று நளினிக்குச் சந்தேகம் வந்தது. மாற்றி மாற்றி நான்கு விதமாகக் கேட்டுப் பார்த்தாள். நான்குக்கும் பாலம்தான் வந்தது.

"எவ்வளவு வித்தியாசம் மாமா? நம்பர் மட்டும் சொல்லுங்களேன்."

"போன தேர்தல்ல ஒண்ணு." அவர் ஆள்காட்டி விரலை உயர்த்தினார். "ஒண்ணே ஒண்ணுல தோத்தோம்!"

அந்த விரலைத் தோட்டத்துக்கே தெரியும். நளினி வீட்டுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

தமிழ்ப்பள்ளி வாக்குச் சாவடியில், இரண்டாம் சாலுரானில், அதாவது இரண்டாம் வாக்களிப்பு வரிசையில், ஒரு ஓட்டுச் சீட்டு. மாமாவின் கட்சிச் சின்னத்துக்கு நேராகப் பெருக்கல் குறி அச்சடித்ததுபோல இருந்தது. ஆனால் சீட்டின் தலையில் ஒரு பிள்ளையார் சுழி. குறியைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாதென்று அதிகாரி அதை ஒதுக்கிவிட்டார்.

"நான் கண்ணால பாத்தேன்லா," என்றார் கவுஸ், ரொட்டிச் சானாயைத் திருப்பிப் போட்டபடி. உணவகம் அவருடையது. அன்று வாக்கு எண்ணும் இடத்தில் கட்சியின் முகவராக இருந்தவரும் அவர்தான். "உ போட்டு, கீழ ரெண்டு கோடு இழுத்து, ஓரத்துல ஒரு புள்ளி. ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். ம்ஹூம்."

வாக்காளர்களை வயதுவாரியாகப் பிரித்துத்தான் சாலுரானுக்கு அனுப்புவார்கள். அந்தச் சாலுரானில் தோட்டத்துக்காரர்கள், மாமாவையும் சேர்த்து, பதினோரு பேர். மாமா தன்னைக் கழித்துவிட்டு மற்ற பத்துப் பேரையும் ஒரு வாரம் சலித்தார். கடைசியில் ஒருவர் மேல் கை வைத்தார்.

முனியாண்டி. நளினியின் அப்பா.

கோயில் திருவிழாவில் உறுமி மேளம் அடிப்பவர் அப்பா; உறுமியைத் தொடுமுன் அதன் தோலில் திருநீற்றால் சுழி போடுவது அவர் வழக்கம். அவ்வளவுதான் சாட்சி. அது போதுமானதாக இருந்தது.

மாமா அப்பாவைக் கூப்பிடாமல் இரண்டு திருவிழா போய்விட்டது. பாலிங் ஊரிலிருந்து ஆள் வந்து உறுமி அடிக்கிறார்கள். அப்பாவின் உறுமி சாரோங் துணியில் சுற்றிச் சுவரில் தொங்குகிறது. திருவிழா அன்று அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விடுவார். வரும் ஞாயிறு மூன்றாவது திருவிழா.

"அப்பாவுக்குப் பேனா பிடிக்கவே வராது மாமா. சுழி விரல்லதான் போடுவாரு. எத்தனை தடவ சொல்றது?"

"பெருக்கல் குறி போடத் தெரியுதுல்ல? அப்புறம் என்னா? எந்த மடையனாவது ஓட்டுச் சீட்டுல போயி சாமி கும்பிடுவானா? அது மட்டும் செல்லியிருந்தா சமம். சமம்னா குலுக்கல். குலுக்கல்னா நாமதான்லா!"

குலுக்கலில் எப்படி நிச்சயமாக ஜெயிப்பது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் ஆறரை ஆகிவிடும்.

நளினி கோடு போட்ட அட்டவணையை மூடினாள். ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, பேனாவோடு அவர் முன்னால் தள்ளினாள்.

"நீங்களே எழுதிடுங்க மாமா. கதை வேணாம். ஏழு நம்பர். அவ்வளவுதான்."

"அத முதல்லயே குடுத்திருக்கலாம்ல! கையில எழுதுனாத்தான் எனக்கு ஞாபகமே வரும்."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வாய் ஓயவில்லை. முனியாண்டியை அன்று வாசலிலேயே தடுத்திருக்க வேண்டும் என்றார். இந்த ஆட்களை வைத்துக்கொண்டு தொகுதியை எப்படிப் பிடிப்பது என்றார்.

அவர் கை அதுபாட்டுக்குத் தாளின் தலைக்குப் போனது.

ஒரு உ.

கீழே இரண்டு கோடு.

ஓரத்தில் ஒரு புள்ளி.

பிறகுதான் முதல் ஆண்டு.

தட்டை வைக்க வந்த கவுஸ் தாளைப் பார்த்தார். நளினியைப் பார்த்தார். தட்டு அவர் கையிலேயே நின்றது.

மூன்றே நிமிடத்தில் ஏழு வரியும் நிரம்பின. ஏழாவது வரியின் ஓரத்தில் 1 என்று எழுதி, மாமா அதை இரண்டு முறை அழுத்தினார்.

"இந்தா. போதுமா?"

மணி ஐந்தரை. நளினிக்கு இப்போது எந்த அவசரமும் இல்லை.

"கீழ ஒரு கையெழுத்து போடுங்க மாமா," என்றாள். "தேதியும்."