பஞ்சு, அவர்கிட்ட சொல்லு

"பஞ்சு, உங்கப்பாகிட்ட சொல்லு. சாப்பாடு எடுத்து வெச்சாச்சு."

"பஞ்சு, உங்கம்மாகிட்ட சொல்லு. இந்தப் பக்கத்தைப் படிச்சு முடிச்சுட்டு வரேன்."

பஞ்சு என்பது பூனை. சோபாவின் நடுவில், இருவருக்கும் பொதுவாக, வெள்ளை வெளேரென்று சுருண்டு கிடக்கும். இரண்டு பக்கத்துச் செய்தியையும் கேட்டுக்கொண்டு கண்ணைக்கூடத் திறக்காது.

கல்யாணமாகி வந்த புதிதில் மருமகளுக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. போகப் போக எரிச்சல் வந்தது. வயதான இரண்டு பேர், ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள், முகம் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் பூனையை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு இது?

எல்லாம் ஒரு தையல் மெஷினால் வந்த வினை. மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்கார்ந்திருக்க மனசு வருமா? நன்றாக ஓடிக்கொண்டிருந்த மாமியாரின் தையல் மெஷினைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். திரும்ப மாட்டி முடித்தபோது கையில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. மெஷின் அசையவே இல்லை. மாமியார் தன் முதல் சம்பளத்தில் வாங்கிய மெஷின் அது.

"இனிமே என்கிட்ட பேசாதீங்க" என்று சொல்லிவிட்டார். மாமனார் மனைவி சொல்லைத் தட்டாதவர். பேசவில்லை. அவராக வந்து பேசட்டும் என்று மாமியாருக்கு வீம்பு. அவள்தானே சொன்னாள் என்று மாமனாருக்கு வீம்பு. வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான் கேட்டதாம்.

அப்புறம் ஒரு மழை நாளில் இந்தக் குட்டி நனைந்து நடுங்கிக்கொண்டு பால்கனிக்குள் வந்தது. மாமனார் துவட்டிவிட்டார். மாமியார் பால் வைத்தார். பால் சூடாக இருக்கிறது என்று அவர் பூனையிடம் சொல்ல, ஆறட்டும் என்று இவரும் பூனையிடம் சொல்ல, அப்படியே பழகிவிட்டது.

மருமகள் இப்போது மாசமாக இருக்கிறாள். மத்தியான நேரத்தில் கண் தானாகச் செருகும். திரைச்சீலை வழியாக வெயில் மஞ்சளாக இறங்கும். அரைத்தூக்கத்தில் எங்கிருந்தோ குரல்கள் மிதந்து வரும்.

"பஞ்சு, மருமக தூங்கறா. ரேடியோவைக் குறைக்கச் சொல்லு."

"பஞ்சு, குறைச்சு ரொம்ப நேரமாச்சுன்னு சொல்லு."

கனவு எது, குரல் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. யாரோ தொட்டிலை ஆட்டிவிடுகிற மாதிரி இருக்கும். விழித்ததும் மறுபடி எரிச்சல் வந்துவிடும்.

"இப்படியே விட்டா நம்ம குழந்தையும் பூனையைக் கூப்பிட்டுத்தான் பால் கேக்கும்" என்றான் அவள் கணவன். தடுப்பூசி போடுவதாகச் சொல்லிப் பூனையைக் கூட்டிப் போய், அப்படியே ஒரு சிநேகிதன் வீட்டில் விட்டுவிடுவது என்று ஏற்பாடு செய்தான். நடுவில் ஆள் இல்லாவிட்டால் நேராகப் பேசித்தானே ஆக வேண்டும்? அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. பஞ்சுவைக் கூடையில் வைத்து அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

கால்நடை டாக்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டு தடாலென்று விழுந்தது. வெளியே காத்திருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன. பஞ்சு மட்டும் அசையவில்லை. டாக்டர் அதன் தலைக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தார், விசில் அடித்துப் பார்த்தார்.

"இதுக்குக் காது கேக்காதும்மா. பிறவியிலேயே. வெள்ளைப் பூனைங்க சிலதுக்கு இப்படி இருக்கும்."

பாதி வழி வரை அவளுக்குச் சிரிப்பு. பூனையைக் கொடுக்கவே வேண்டாம், இதைச் சொன்னாலே போதும், வெட்கப்பட்டாவது நேராகப் பேசுவார்கள் என்று தோன்றியது. சிநேகிதன் வீட்டுக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தாள். கணவனை அப்புறம் சமாளித்துக்கொள்ளலாம்.

மாமனார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறாரோ. டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் திடுக்கிடவில்லை.

"தெரியும்மா. வந்த அன்னிக்கே தெரியும். காத்துல கதவு படார்னு அடிச்சுது, அது காதைக்கூட ஆட்டல."

"அப்புறம் ஏன் மாமா?"

அவர் கூடைக்குள் கைவிட்டுப் பஞ்சுவைத் தடவினார். கண் கலங்கியிருந்தது.

"அவ பேசாதேன்னு சொன்னப்போ, ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்ன மாதிரி இருந்துச்சும்மா. மேலயும் போக முடியல, கீழயும் போக முடியல. இது வந்தப்புறம்தான் மூச்சே விட்டேன். இதுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சா அவ கூச்சப்பட்டு நிறுத்திடுவா. கூர்மையான காதுன்னு டாக்டர் சொன்னதா சொல்லிடும்மா."

அவள் தலையாட்டினாள்.

சாப்பாட்டு மேஜையில் அப்படியே சொன்னாள். "பஞ்சுவுக்குக் காது ரொம்பக் கூர்மையாம் அத்தை. டாக்டரே அசந்துட்டார்."

மாமியார் பூனையைப் பார்த்தார். "கேட்டியா பஞ்சு? உங்கப்பாகிட்ட சொல்லு, இனிமே மெதுவா பேசினாலே போதும்னு."

மாமனார் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், பொய் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை என்று மருமகளுக்குப் பட்டது. பாவம் அத்தை, எதுவும் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் ஒரு சின்ன வருத்தம்.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மாமியார் குழாயை மூடினார். ஹாலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். தட்டுகளைக் கொண்டுவந்த மருமகளின் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, அவர் முன்னாடி உண்மையைச் சொல்லாம விட்டே. அதுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் வாயை மூடிக்குவார்மா. அவர் குரலைக் கேக்காம நான் எப்படி இருப்பேன்?"