தாரகையின் மார்க்

பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கும் தாரகை காய்ச்சலில் இறந்த பதினெட்டாம் நாள், அரசுப் பள்ளித் தலைமையாசிரியை ரெஜினா அவள் வீட்டுக்கு வந்தார். தாய் அம்சவேணியின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"அவ பேரை ரெஜிஸ்டர்லேர்ந்து இப்ப எடுக்க வேணாம்மா. வராத பிள்ளைங்களோட பழைய பேப்பரப் பாத்து, பத்தாவது பரீட்சைய அவங்களுக்காகக் கவர்ன்மென்ட் கம்ப்யூட்டரே எழுதிடுது. சராசரி அரை மார்க் கொறஞ்சாலும் ஸ்கூலை மூடிடுவாங்க."

அம்சவேணி கேட்டாள்.

"தினமும் அவ பேரைக் கூப்பிடுவீங்களா டீச்சர்?"

"கூப்பிடுவோம்மா. பக்கத்துல உக்கார்ற பிள்ளை 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லிடும். ரிசல்ட் வந்ததும் பேரை எடுத்துடலாம்."

அம்சவேணி ஆணியில் தொங்கிய சீருடையைப் பார்த்தாள்.

"அவ பெயிலாயிட்டா, இன்னொரு வருசம் கூப்பிடுவீங்களா டீச்சர்?"