பதினேழாவது கட்டம்

“இங்க பதிஞ்சா ஒரு நல்ல மனுஷனோட விலை வருஷத்துக்கு ரெண்டாயிரம். அவன் ரகசியத்தைப் பூட்டி வைக்கிறதும் அதுலதான் சேர்த்தி!” திருமணத் தகவல் மையத்தின் முதலாளியம்மா மேசையைத் தட்டினார். “மதியம் செல்போன் செயலி திறந்தாகணும் தம்பி. ஒரு ரகசியம் வெளிய போச்சு, எனக்குக் கடை இல்ல, உனக்கு வேலை இல்ல. இன்னும் எவ்வளவு நேரம்?”

“அரை மணி மேடம்.”

“கால் மணி.”

“இருபது நிமிஷம்?”

“சரி, பதினஞ்சுன்னே வெச்சுக்கிறேன்” என்று போய்விட்டார்.

புரோகிராமருக்குச் சட்டை நனைந்தது. தரவுத்தளம் ஒவ்வொரு ஆளையும் மூடிய பெட்டியாகத்தான் தரும். பெயர் கேட்டால் பெயர், வயது கேட்டால் வயது. செயலிக்கோ பெட்டி ஆகாது. ‘பெயர்: இன்னது, வயது: இன்னது’ என்று பிரித்து எழுதிய பட்டியல், புரோகிராமர் பாஷையில் டிக்‌ஷனரிதான் வேண்டும். பெயர், வயது போன்ற தேவையான பதினாறு கட்டங்களை ஒவ்வொன்றாக எழுதச் சோம்பல்பட்டு, பெட்டியில் இருப்பதையெல்லாம் கொட்டும்படி ஒரே வரியில் முடித்திருந்தான். கொட்டியதில் பதினேழாவதும் விழுந்துவிட்டது. ‘தனிக்குறிப்பு.’ குறட்டை, கடன், பழைய காதல் என்று வாடிக்கையாளர்கள் மையத்தை நம்பி எழுதிக் கொடுத்தது.

“ஏங்க, சோதனைப் பக்கத்தைத் திறந்துட்டீங்களா?” பக்கத்து சீட்டில், குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் டெஸ்டர் பெண்ணிடம் கேட்டான்.

“அப்பவே.”

“எத்தனை பேரைப் பார்த்தீங்க?”

“முந்நூத்திப் பன்னிரண்டு பேர்ல உச்சியில இருந்த ஒருத்தரை மட்டும். பேரைக்கூடப் பார்க்கல, தனிக்குறிப்புன்னு தெரிஞ்சதும் மூடிட்டேன்.” ஒரு நொடி விட்டு, “படிச்சு முடிச்சுட்டுத்தான் மூடினேன்” என்றாள்.

கடைசியாகப் பதிந்தவர்தான் உச்சியில் வருவார். அவன் முகம் வெளுத்தது.

“எவரோ ஒருத்தர் ரகசியத்துக்கு நீங்க ஏன் சார் இப்படி நடுங்குறீங்க?”

“தொழில் நாணயம்” என்று முனகிவிட்டு, பதினாறு கட்டங்களையும் பேர் சொல்லி எழுதினான்.

அவள் மறுபடி திறந்து எண்ணினாள். “பதினாறு. சுத்தம்!”

முதலாளியம்மா வந்து பார்த்தார். நாலு பேரைத் திறந்து மூடினார். “பரவாயில்லையே, பதினாலே நிமிஷம்!” செயலி திறந்தது. அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வந்த மூச்சு திரும்பவும் நின்றது. திரையின் மூலையில் முந்நூற்றுப் பதின்மூன்று என்று இருந்தது.

“ஐயோ, ஒண்ணு கூடுதே! எங்கிருந்து வந்துது?”

“கூடினதை நீங்களே பாருங்க. நான் தண்ணி குடிச்சுட்டு வரேன்” என்று அவள் எழுந்து போனாள்.

தரவுத்தளத்தைத் திறந்தான். மேலிருந்து இரண்டாவது, நேற்று மாலை அவனே தன் பெயரில் பதிந்தது. தனிக்குறிப்பு: ‘எனக்கு யாரையும் தேட வேண்டாம். பக்கத்து சீட்டில் இருப்பவர் என்றைக்காவது பதிந்தால் மட்டும் சொல்லவும்.’

அதற்கு மேலே, பத்து நிமிடம் முன்பு பதிந்த புது ஆள். தனிக்குறிப்பு: ‘பதிந்துவிட்டேன். நேரில் கேட்டிருந்தால் நாலாயிரம் மிச்சம்.’

பதிந்தவர்கள் முந்நூற்றுப் பதின்மூன்று; இனி ஜோடி தேட வேண்டியவர்கள் முந்நூற்றுப் பதினொன்று.