காடே கூடிச் செய்த கதவு

கடலைக்கடை அணில் தன் கடைக் கதவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. "காடே கூடிச் செஞ்ச கதவு! செய்முறை ஆலமரத்துல எல்லாரும் பார்க்கத் தொங்குது. கோளாறு இருந்தா ஆயிரம் கண்ணுல ஒண்ணாவது கண்டுபிடிச்சிடும்." கடலை வாங்க வந்த எலி பலமாகத் தலையாட்டியது.

அப்போது மரங்கொத்தி கூவிக்கொண்டே பறந்தது: "ஆலமரத்துச் செய்முறைப்படி செஞ்ச கதவுல கீழ்க் கீல் கழண்டுக்குது! அந்தக் கதவு வச்சிருக்கிற எல்லாரும் இன்னைக்கே புது ஆணி அடிச்சிடுங்க!"

"பார்த்தியா, கண்டுபிடிச்சிட்டாங்க!" என்று அணில் மார்தட்டியது. ஆணிதான் அடிக்கவில்லை.

மறுநாள் காலை கதவு சாய்ந்து கிடந்தது. கடையில் ஒரு கடலைகூட இல்லை. வாசலில் எலி வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அடப்பாவி, இந்தக் கதவை எப்படிடா திறந்தே?"

"மரங்கொத்தி சொன்னது எனக்கும் கேட்டுச்சே அண்ணாச்சி. ஆயிரம் கண்ணுன்னீங்களே, அதுல ரெண்டு என்னோடது."