எலி கடித்த வயர்

ஆழ்வார்திருநகரி சங்கரபாண்டியனின் பழைய டிராக்டர் மறுபடியும் கிளம்பவில்லை. மெக்கானிக் எஸ்றா குனிந்து பார்த்தான். பேட்டரியிலிருந்து செல்ப் மோட்டாருக்குப் போகும் வயர், போன வாரம் போலவே துண்டாகிக் கிடந்தது.

"எலியாத்தான் இருக்கும்லே" என்றார் சங்கரபாண்டியன்.

"எலி கடிச்சா பிஞ்சில்லா கெடக்கும், அண்ணாச்சி. இது அருவா வெட்டு. ஒங்களுக்கு ஆகாத பய எவனோ செய்யுதான்."

புது வயரை இரும்புக் குழாய்க்குள் விட்டு, குழாயை போல்ட் போட்டு முடுக்கினான். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உறுமியது. சங்கரபாண்டியன் எதிர் வயலை உழ, தனியாக ஓட்டிக்கொண்டு போனார்.

காப்பியோடு வந்த அவர் மனைவி அருணாசலவடிவு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கவலப்படாதிய மதினி. இனி எவனும் வெட்ட முடியாது."

"நாந்தான் வெட்டுனேன் தம்பி."

எஸ்றா நிமிர்ந்தான்.

"அவியளுக்கு வலிப்பு வருது. மவ கல்யாணம் முடியுத வரைக்கும் வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. வண்டியில ஏறாதியன்னா கேக்க மாட்டக்காவ."

எஸ்றா வயலைப் பார்த்து ஓடினான். வரப்போரம் திரும்ப வேண்டிய டிராக்டர், திரும்பாமல் நேராக வாய்க்காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

இன்ஜின் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை.