பிழையார் சுழி

"நாலாவது தடவை மேடம்," என்று, வீட்டு மனை போட்டு விற்கும் மனைக்காரர் கோப்பைத் தூக்கி மேசையில் போட்டார். "ஒரே ஒரு எழுத்து. அதை உங்க ஆளால ஒழுங்கா அடிக்க முடியலை."

நில அலுவலகத்துக்கு அதிகாரியாக வந்து அவளுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. புள்ளி விட்டுப்போன கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டாள் என்ற பெயர் மட்டும் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கோப்பைப் பிரித்தாள்.

ஊருக்கு மேலே, மலைச் சரிவில் பத்து ஏக்கர். பதிவேட்டில் அது 'களம்'. அதை வீட்டு மனைகளாக மாற்ற வேண்டும் என்கிறார் மனைக்காரர். களத்தை மாற்ற விதி இடம் கொடுக்கிறது. ஆனால் எழுத்தர் அடித்த கடிதத்தில் நான்கு தடவையும் 'குளம்' என்று இருந்தது. குளத்தை மனையாக்க விதியில்லை என்று மேலிடமும் நான்கு தடவை சளைக்காமல் திருப்பி அனுப்பியிருந்தது.

"களத்துக்கு ஒரு சுழியைப் போட்டுக் குளமாக்கிடறார் மேடம். இங்க அவருக்குப் பேரே பிழையார். அவர் போடறது பிழையார் சுழி."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "நாளைக்குப் பிழையில்லாத கடிதம் போகும். நான் பொறுப்பு."

அவர் போனதும் எழுத்தருக்கு மெமோ எழுத உட்கார்ந்தாள். 'மேற்படி நிலம் குறித்துத் தாங்கள் செய்த பிழைகள் எத்தனை? விளக்கம் தருக.' ஒரு கோப்பில் நான்கு என்றால் மற்றவற்றில் நாற்பதாவது இருக்கும், சேர்த்தே காய்ச்சிவிடலாம் என்று எழுத்தர் அடித்த பழைய கடிதங்களை எல்லாம் வரவழைத்தாள். மத்தியானம் வரை தேடினாள். ஒரு கால் ஒடியவில்லை, ஒரு கொம்பு முறியவில்லை. சந்திப்பிழைகூடக் கிடையாது.

அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் இது கைத்தவறு இல்லை. யாரோ சொல்லித் தெரிந்தே செய்கிற வேலை.

எழுத்தரைக் கூப்பிட்டாள். ஓய்வுபெற இன்னும் மூன்றே மாதம் இருக்கிற மனிதர். கண்ணாடி கழுத்தில் கயிற்றோடு தொங்கியது.

"யார் சொல்லி இப்படி அடிக்கறீங்க?"

"யாரும் சொல்லலை மேடம். கை பழகிடுச்சு."

"இந்த ஒரு இடத்துக்கு மட்டும் பழகுமா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சரி, வாங்க. அந்தக் களத்தைப் பார்த்துட்டு வந்தே மெமோவைத் தர்றேன்."

"செருப்பை மாத்திக்கிட்டு வாங்க மேடம்."

"எனக்கு நடக்கத் தெரியும்."

ஜீப்பிலிருந்து இறங்கிப் பத்தடி வைத்திருப்பாள். பதினோராவது அடியில் களம் அவள் காலை முழங்கால் வரை விழுங்கியது. எழுத்தர் கையைப் பிடித்து இழுத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. கோரைக்குள் தவளைகள் கத்தின. அவளுக்கு அது சிரிப்பாகவே கேட்டது.

"மழை பெஞ்சு எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மாசம் மேடம்."

"அப்புறம் எப்படி இவ்வளவு தண்ணி?"

"இந்த மலை பூரா பொலபொலன்னு மண்ணு. பெய்யற மழை மண்ணையும் வாரிக்கிட்டு வந்து இங்கதான் உக்காரும். மண்ணை இங்கேயே விட்டுட்டுத் தண்ணி மட்டும் மெல்ல உள்ள இறங்கும். கீழ இருக்கற கிணறெல்லாம் அதை நம்பித்தான். நீங்க குடியிருக்கற வீட்டுக் கிணறும்."

காலையில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் குளித்துவிட்டு வந்திருந்தாள்.

"பக்கத்துச் சரிவுல இதே மாதிரி ஒண்ணை நிரவி வீடு கட்டினாங்க. முதல் மழைக்கே சேறு கீழத்தெரு அடுப்படிக்குள்ள வந்துடுச்சு. இப்ப அங்க மழைக்காலத்துல சேறு வாரறாங்க. வெயில்காலத்துல குடத்தோட லாரிக்கு நிக்கறாங்க."

ஒற்றைச் செருப்போடு அலுவலகம் திரும்பினாள். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

"இதைப் போய்க் களம்னு எழுதின புண்ணியவான் யாருன்னு பார்க்கறேன்," என்று பதிவேட்டு அறைக்குள் புகுந்தாள். நாற்பது தும்மலுக்குப் பிறகு கிடைத்தது. மிகப் பழைய பதிவேட்டில், குண்டு குண்டான எழுத்தில் 'குளம்' என்றே இருந்தது. அது செல்லரித்துப்போனதால் முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்பு புதிதாகப் பெயர்த்து எழுதியிருக்கிறார்கள். அதில்தான் சுழி விட்டுப்போய்க் 'களம்' ஆகியிருந்தது.

அடியில் பெயர்த்து எழுதியவரின் கையெழுத்து. காலையிலிருந்து நூறு கடிதங்களின் ஓரத்தில், அடித்தவர் என்ற இடத்தில் அவள் பார்த்த அதே கையெழுத்து.

நிமிர்ந்தாள். எழுத்தர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வேலைக்குச் சேர்ந்த மூணாம் நாள் மேடம். மறுநாளே தெரிஞ்சுபோச்சு. சொன்னா வேலை போயிடுமேன்னு பயம். யாரும் கேக்கலை, அப்படியே விட்டுட்டேன். போன வருஷம் மனைக்காரர் வந்து கேட்டுட்டார்."

அவளுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எதையும் காட்டிக்கொள்ளாமல் பேனாவைத் திறந்தாள். 'க'வுக்கு அடியில் ஒரு சுழி போட்டு, பக்கத்தில் 'பழைய பதிவேட்டின்படி' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

"பிழையில்லாத கடிதம் போகும்னு மனைக்காரர்கிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். நாலாவது கடிதத்தையே இன்னொரு பிரதி எடுத்து அனுப்பிடுங்க."

"சரிங்க மேடம்."

"நில்லுங்க. அது வேற, இது வேற." மெமோவை அவர் பக்கம் நகர்த்தினாள். "பிழைகள் எத்தனைன்னு கேட்டிருக்கேன். விதிப்படி பதில் வேணும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிக் கொடுத்தார்:

'பிழை ஒன்று. மற்ற நான்கும் திருத்தம்.'